உஷார்! மூளையின் காவலைத் தாண்டும் பொருட்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன

பிள்ளைக்கு மூக்கடைப்பு. நெஞ்சு கரகரக்கிறது. இராத்திரி முழுக்க இருமல். மார்கழி, தை மாதங்களில் நம் மலையகத்துப் பட்டிப்பொலவில் இது எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். தேங்காயெண்ணெயில் இரண்டு கட்டி சூடத்தைப் போட்டுக் காய்ச்சி, கரைந்ததும் நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் சூடு பறக்கத் தேய்க்கிறோம். மூக்கின் நுனியிலும் ஒரு சொட்டு வைக்கிறோம். மிச்ச எண்ணெயைக் கிண்ணத்தோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுக்கிறோம்.

தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சூடம் ஆகவே ஆகாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் வீட்டில் காய்ச்சிய சூட எண்ணெய் வேண்டாம். கட்டிலுக்குக் கீழே இருக்கிற அந்தக் கிண்ணத்தைக் காலையில் தவழ்ந்து போகிற பிள்ளை எடுத்துக் குடித்தால், சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். முன்னதாகக் காய்ச்சல் இருக்காது, சில நேரம் வாந்திகூட வந்திருக்காது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே விறைத்து விழும். ஒரு கிராம் அளவு சூடத்துக்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்திருப்பதை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. சாமிப் படத்துக்கு முன்னால் ஏற்றுகிற கட்டிகளில் ஒன்றிரண்டிலேயே அந்த அளவு இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1982இலேயே சூட எண்ணெயை விற்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். பூசும் மருந்துகளில் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் சூடம் சேர்க்கவும் அங்கே அனுமதி இல்லை. நாம் காய்ச்சுகிற எண்ணெயில் எவ்வளவு இருக்கிறதென்று யார் அளந்தது?

சூடம் ஏன் இவ்வளவு வேகமாக மூளையில் வேலை செய்கிறது? அதைப் புரிந்துகொண்டால், நம் வீட்டு அலமாரியிலும் மரக்கறித் தோட்டத்துக் கொட்டிலிலும் இருக்கிற இன்னும் பல பொருட்களை நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பீர்கள். எதை எங்கே வைக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதும் தெரியும்.

1885இல் பெர்லினில் போல் எர்லிச் என்ற வைத்தியர் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. மூளைக்குச் சாயம் ஒட்டவில்லை போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார். மூளையைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் சாயத்தை ஏற்றினார். மூளை நீலமானது, உடம்புக்குச் சாயம் போகவில்லை. அப்படியானால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வழி மறிக்கிறது. அதைத்தான் இன்று குருதி–மூளைத் தடுப்பு என்கிறோம்.

அது மூளையைச் சுற்றி எழுப்பிய ஒரே மதில் இல்லை. மூளைக்குள் ஓடுகிற மயிரிழை இரத்தக் குழாய்களை நீட்டி வைத்தால் கிட்டத்தட்ட 600 கிலோமீற்றர் வரும். அந்த ஒவ்வோர் இழையின் சுவரும் ஒரு தடுப்பு. உடம்பின் மற்ற இடங்களில் குழாய்ச் சுவரின் கலங்களுக்கு நடுவே இடுக்கு இருக்கும். மூளையில் அந்தக் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. இடுக்கு வழியாக எதுவும் நுழைய முடியாது. சீனி போன்ற தேவையான பொருட்களுக்குத் தனி வாசல்கள் உண்டு. வேண்டாததைப் பிடித்துத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளிவிடுகிற பம்புகளும் உண்டு. முதுகுத்தண்டுக்கும் இதே காவல்தான்.

ஆனால் கலத்தின் சுவரே கொழுப்பால் ஆனது. ஆகவே கொழுப்பில் கரைகிற சின்ன மூலக்கூறுக்கு வாசலும் வேண்டாம், இடுக்கும் வேண்டாம். சுவரிலேயே கரைந்து மறுபக்கம் போய்விடும். சாராயம் அப்படித்தான் போகிறது. சூடமும் அப்படித்தான். யூக்கலிப்டஸ் தைலமும் பூச்சிகொல்லிகள் பலவும் அதே வழியில்தான் போகின்றன. நம்மைக் குணமாக்கச் செய்யப்பட்ட மருந்துகளிலோ பெரும்பாலானவை இந்தத் தடுப்பைக் கடப்பதில்லை. புதிதாகச் செய்கிற சிறு மூலக்கூறு மருந்துகளில் நூற்றுக்கு 98 மூளைக்குள் போகாது என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படுகிற கணக்கு.

எனக்குப் பயமே இந்தச் சமனில்லாத நிலைதான். கெடுக்கிறது சுலபமாக உள்ளே போகிறது, காக்கிறது வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே போன பிறகு எடுத்துவிடலாம் என்ற எண்ணம் மூளை விஷயத்தில் பல நேரம் பலிக்காது.

யூக்கலிப்டஸ் தைலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டிப்பொலவைச் சுற்றி யூக்கலிப்டஸ் காடு நிறைய. நுவரெலியா வீதியோரக் கடைகளில் சின்னப் போத்தல்களில் தைலம் விற்கிறது, வாங்காத வீடு குறைவு. ஆவி பிடிக்கிற வெந்நீரில் ஓரிரு துளி விட்டுப் பெரியவர்கள் முகர்வது வேறு விஷயம். பிள்ளை ஒரு தேக்கரண்டி குடித்துவிட்டால் மயக்கத்திலும் வலிப்பிலும் கொண்டுபோய் விட்டுவிடும். போத்தலோ இருமல் பாணிப் போத்தலைப் போலவே இருக்கிறது. இருட்டில் கை மாறி ஊட்டிய தாய்மாரும் உண்டு. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களுக்கும் இது ஆகாது. சூடமும் யூக்கலிப்டஸும் கலந்த பூச்சு மருந்துகளை முகர்ந்தும் பூசியும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு செயின்ட் ஜோன்ஸ் மருத்துவமனையின் நரம்பியலாளர் தாமஸ் மேத்யூவும் அவருடைய சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் என்ன தைலம் பூசுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ விட வேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூடுபனியில் அது வந்து சேர நேரமெடுக்கும் என்று தோன்றினால் தோட்டத்து லொறியோ ஆட்டோவோ எது கிடைத்தாலும் புறப்படுங்கள். குடித்த போத்தலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி நல்லெண்ணெய். இது பழைய சங்கதி. ஆனால் நம் பிள்ளைகளுக்கே நடந்தது. மலையகத்தில் இன்று முப்பது வயதுக்குக் கீழே உள்ள யாரைக் கேட்டாலும் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பிள்ளை பெரிய மனுஷியானால் குடிசை கட்டி உட்கார வைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். இடுப்புக்குப் பலம் என்று அம்மாயிமார் சொல்வார்கள். சத்தான வழக்கம்தான், அதில் குறை இல்லை. ஆனால் 1977–78இல் தோட்டப்புறங்களில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கால் விளங்காமல் ஆனார்கள். கெண்டைக்காலில் நோவு, பிறகு பாதம் தொங்கிப்போய் நடக்க முடியாத நிலை, பிறகு கைகளிலும் பலமின்மை. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். போலியோ இல்லை. செய்வினையும் இல்லை. வைத்தியர் நிமால் சேனாநாயக்கவும் பேராசிரியர் ஜெயரட்ணமும் துருவிப் பார்த்தபோது அந்த நல்லெண்ணெயில் போய் முடிந்தது. எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. அது இயந்திர எண்ணெய்களில் சேர்க்கிற பொருள். முன்பு கனிய எண்ணெய் இருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று 1981இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள்.

இந்த இரசாயனத்துக்கு நிறம் இல்லை, கண்டுபிடிக்கிற மாதிரி வாசனையோ ருசியோ இல்லை. கொழுப்பில் நன்றாகக் கரையும், ஆகவே எண்ணெயோடு ஒன்றிப்போகும், உடம்பிலும் தடுப்பைத் தாண்டிப் போகும். கை கால் நரம்புகளை மட்டும் கெடுத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகவாவது அவை திரும்ப வளரும். இது முதுகுத்தண்டையும் தொட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதுகுத்தண்டின் நரம்புப் பாதை கெட்டதற்கான அறிகுறிகள், கால் விறைப்பு போன்றவை, பிந்தித்தான் தலைகாட்டின. குடித்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் கால் போகும். அதற்குள் சடங்கு முடிந்து, எண்ணெய்ப் போத்தல் காலியாகி, என்ன கொடுத்தோம் என்பதே மறந்திருக்கும்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1930இல் அமெரிக்காவில் சாராயத்துக்குத் தடை இருந்த காலத்தில் இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற மதுவில் இதே பொருளைக் கலந்து பல்லாயிரம் பேரின் காலை முடக்கினார்கள். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றதில் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். எல்லா இடத்திலும் ஏழைகளின் சட்டியில்தான் அது விழுந்தது.

ஆகவே பிள்ளை பெரிய மனுஷியான வீட்டாரிடம் என் வேண்டுகோள் இதுதான். நல்லெண்ணெய் கொடுங்கள், ஆனால் டிரம்மிலிருந்து ஊற்றித் தருகிற சில்லறை எண்ணெய் வேண்டாம். மூடி உடைக்காத, கம்பெனிப் பெயரும் திகதியும் உள்ள போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். தேயிலை ஃபெக்டரியிலிருந்தோ கராஜிலிருந்தோ வந்த பிளாஸ்டிக் கேனை எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அதில் எண்ணெயோ பாலோ குடிதண்ணீரோ வைக்காதீர்கள். தண்ணீரும் சவர்க்காரமும் போனாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது.

கேன் என்றதும் மரக்கறித் தோட்டம் ஞாபகம் வராமல் இருக்காது. 6,226 அடி உயரம் என்று பலகை மாட்டியிருக்கிற நம் பட்டிப்பொல ஸ்டேஷனில், இலங்கையிலேயே உயரமான அந்த ஸ்டேஷனில், இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் லீக்ஸும் கோவாவும்தான். மூடுபனியும் ஈரமும் உள்ள இடத்தில் மருந்து அடிக்காமல் விவசாயம் செய்ய முடியாது என்கிறார்கள். அந்த வாதத்துக்கு இப்போது நான் போகவில்லை. அடிக்கிற மருந்து எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேட்கிறேன். சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்திருக்கிறீர்களா? கட்டிலுக்குக் கீழேயா? மிச்சத்தைப் பக்கத்து லயத்துக்காரருக்கு யோகட் கப்பில் கொடுத்தீர்களா?

பூச்சிகொல்லிகளில் ஓகனோபொஸ்பேட் என்ற ஒரு பெரிய குடும்பம் உண்டு. நரம்பும் நரம்பும், நரம்பும் தசையும் பேசிக்கொள்ள உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது, பேசி முடிந்ததும் ஒரு நொதி அதை அழிக்கிறது. ஓகனோபொஸ்பேட் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வியர்க்கும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கட்டும். கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் போய் அங்கேயும் இதையே செய்யும். வலிப்பு வரும், நினைவு தப்பும், மூச்சை நடத்துகிற மூளைப் பகுதியே ஓய்ந்துவிடும். குடித்தால்தான் என்றில்லை. தோல் வழியாகவும் போகும். மழையில் நனைந்த சட்டையோடு, டாங்கி ஒழுகி முதுகு ஈரமாக நாள் முழுக்க மருந்து அடிக்கிறவருக்கும் போகும்.

மாற்று மருந்து இருக்கிறதே என்பீர்கள். இரண்டு இருக்கின்றன. ஒன்று அட்ரோபின். அது தடுப்பைத் தாண்டி மூளைக்குள்ளும் போகும், எச்சிலையும் நெஞ்சுச் சளியையும் வற்றவைக்கும், உயிரைக் காக்கும். ஆனால் கட்டிப்போட்ட நொதியை அவிழ்க்காது. அளவு கூடினால் மூளைக்குள் போகிற அதே குணத்தால் நோயாளர் பிதற்றுவார், கட்டிலை விட்டு எழுந்து ஓடுவார். அதனால்தான் நர்ஸ்மார் பக்கத்திலேயே நின்று கண்மணியையும் நாடியையும் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். இரண்டாவது பிராலிடொக்சிம். நொதியை அவிழ்த்துவிடுகிற மருந்து இதுதான். ஆனால் அதன் மூலக்கூறு மின்னேற்றம் கொண்டது, கொழுப்பில் கரையாது. மூளையின் வாசலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். நஞ்சு உள்ளே, அவிழ்க்கிறவன் வெளியே. நம் நாட்டிலேயே அநுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் 235 நோயாளரிடம் மைக்கல் எடில்ஸ்டனும் இலங்கை வைத்தியர்களும் இதைச் சோதித்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. பிராலிடொக்சிம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. தடுப்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், காரணங்கள் பல. என்றாலும் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி மருந்துப் போத்தலைப் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

இன்னொரு பயங்கரம் இருக்கிறது. பேராதனையிலிருந்து சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. நஞ்சு குடித்தவர் அட்ரோபினில் தெளிந்து, எழுந்து உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்கிறார். வீட்டார் நிம்மதியடைகிறார்கள். ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகிறது. பிறகு மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. அந்த நேரத்தில் மூச்சு இயந்திரம் பக்கத்தில் இருந்தால் பிழைப்பார், வீட்டில் இருந்தால் இல்லை. ஆகவே தெளிந்துவிட்டார் என்று மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வராதீர்கள். தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

யாராவது பூச்சி மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணியும் வேண்டாம், புளித் தண்ணியும் வேண்டாம். மேலே பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையை மூடிக்கொள்ளட்டும். லேபலோடு போத்தலைக் கொண்டுபோங்கள், எந்த மருந்து என்று தெரியாமல் வைத்தியர் தடுமாறக் கூடாது. மிக நச்சான பரத்தியோன் வகைகளை 1984இலும், மொனோகுரோடோபோஸ், மெதமிடோபோஸ் இரண்டையும் 1995இலும் அரசாங்கம் நிறுத்தியது. 2008இலிருந்து 2011க்குள் டைமெதோவேட், ஃபென்தியோன், பராக்குவாட் மூன்றும் படிப்படியாகப் போயின. அதன் பிறகு இந்த நாட்டில் தற்கொலைச் சாவுகள் பெருமளவில் குறைந்தன. கைக்கெட்டாத தூரத்தில் நஞ்சு இருந்தால் உயிர் தங்கும் என்பதை ஒரு நாடே நிரூபித்திருக்கிறது. பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். மனது உடைந்துபோன யாராவது வீட்டில் இருந்தால் தனியே விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பேச ஆள் இருக்கிறது.

பெட்டிக்கடையிலும் பார்மசியிலும் சீட்டில்லாமல் வாங்குகிற குளிசைகளைப் பற்றி இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. தடிமனுக்கு எல்லோரும் போடுகிற பிரிட்டோன் மூளைக்குள் நன்றாகவே போகும், தூக்கம் வருவது அதனால்தான். போட்டுவிட்டு ஹக்கல வளைவுகளில் லொறி ஓட்டாதீர்கள். அதன் மேல் சாராயம் குடித்தால் இரண்டும் சேர்ந்து அமுக்கும். எழுபது வயது அப்பாயிக்குக் கொடுத்தால் இரவில் எழுந்து இடம் தெரியாமல் பிதற்றி, லயத்துப் படியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வார். ஒவ்வாமைக்கு என்றால் மூளைக்குள் குறைவாகவே போகிற லொரடடின் போன்ற குளிசைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சளி இருமல் கலவைப் பாணிகள் வேண்டாமென்று பிரித்தானிய மருந்து அதிகாரிகள் 2009இலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளையைத் தூங்க வைப்பதற்காக ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது மூச்சோடு விளையாடுவது.

வாந்திக் குளிசையில் இன்னும் கவனம் வேண்டும். மெட்டோகுளோப்ரமைட் மூளைக்குள் போகும். பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் சில நேரம் அதனால் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் கொண்டு ஓடுவார்கள். பேய் இல்லை, குளிசை. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் இறங்கிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாதென்று ஐரோப்பிய அதிகாரிகள் 2013இல் அறிவித்தார்கள். வாந்தியைத் தூண்டுகிற மூளைப் பகுதி தடுப்புக்கு வெளியே இருக்கிற ஓர் அபூர்வ இடம். அதனால் மூளைக்குள் அதிகம் போகாத டொம்பெரிடோனும் அங்கே வேலை செய்யும். ஆனால் இருதயக்காரருக்கு அது ஆகாது. எதைக் கொடுப்பதென்பதை வைத்தியர் சொல்லட்டும், பக்கத்து வீட்டு அக்கா சொல்ல வேண்டாம்.

பச்சைக் குழந்தை உள்ள வீடுகளுக்கு நான் சொல்ல வருவது இதையெல்லாம்விட அவசரம்.

நம் குளிருக்குக் குழந்தை பிறக்குமுன்பே பெட்டியிலிருந்து கம்பளித் தொப்பியும் போர்வையும் வெளியே வரும். அந்தப் பெட்டியில் பூச்சி அரிக்காமலிருக்க வெள்ளை உருண்டைகள் போட்டிருப்போம். அந்த உருண்டையின் நாப்தலீன் ஆவி துணியில் ஊறிக் கிடக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவு. ஆண்பிள்ளைகளுக்கு அதிகம். அந்தக் குழந்தையை இந்தத் துணியில் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் எக்கச்சக்கமாக ஏறும். பிலிருபின் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. பிடிக்க இடமில்லாமல் தனியே மிதந்தால் கொழுப்பில் கரைந்து தடுப்பைத் தாண்டும், மூளையின் அடிப்பகுதியில் போய்ப் படியும். குறைமாதக் குழந்தைக்கும் தொற்று உள்ள குழந்தைக்கும் தடுப்பு இன்னும் இளகியிருக்கும். படிந்த பிறகு எதுவும் செய்ய முடியாது. காது கேட்காமல் போகும், கை கால் முறுக்கிக்கொள்ளும், வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். 1950களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க ஒரு சல்பா மருந்தைக் கொடுத்தார்கள். அந்த மருந்து அல்புமினிலிருந்து பிலிருபினைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தது, குழந்தைகள் மூளையில் மஞ்சள் படிந்து இறந்தார்கள். நல்ல எண்ணத்தோடு கொடுத்த மருந்துதான். ஆகவே வீட்டில் மிச்சமிருக்கிற எந்த மருந்தையும் பச்சைக் குழந்தைக்கு ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள். தாய் பால் கொடுக்கிறாள் என்றால் தாய் போடுகிற மாத்திரையையும் மிட்வைஃபிடம் காட்டுங்கள்.

கம்பளித் துணிகளை இப்போதே எடுத்துத் துவைத்து, வெயில் கிடைக்கிற நாளில் பல நாள் காற்றாடப் போடுங்கள். உருண்டைகளை வீசிவிடுங்கள். குழந்தை பிறந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரண மஞ்சள் இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலும், கீச்சென்று அழுதாலும், முதுகை வில்லாக வளைத்தாலும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. வாசலில் வெயில் காட்டுவது போதாது. நம் ஊரில் வெயிலும் இல்லை, குளிரில் உரித்துப் போட்டால் குழந்தை விறைத்துவிடும். ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சம் இருக்கிறது. அது பிலிருபினை நீரில் கரைகிற உருவத்துக்கு மாற்றி வெளியேற்றும், மூளைக்குப் போகிற வழி அடைபடும்.

கடைசியாக மூளைக்காய்ச்சல். கடுமையான காய்ச்சலோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், வாந்தியும் மயக்கமுமாக ஒரு பிள்ளை இருந்தால் உடனே ஓட வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத பகுதி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வருகிறது. பெனிசிலின் போன்ற மருந்துகள் சாதாரண நாளில் மூளை நீருக்குள் மிகக் குறைவாகவே போகும். மூளையுறை வீங்கி இருக்கும்போது தடுப்பு தளர்கிறது, அப்போதுதான் மருந்து வேண்டிய அளவு உள்ளே நுழைகிறது. பிள்ளை தெளியத் தெளிய வீக்கம் வற்றும், தடுப்பு மறுபடி இறுகும், மருந்து நுழைவதும் குறையும். அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் பெரிய அளவு ஊசியை நாளம் வழியாக, சொன்ன நாள் முழுக்க ஏற்றுகிறார்கள். ஐந்தாம் நாள் பிள்ளை சிரித்து விளையாடுவதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்து, மிச்சத்துக்குக் குளிசை கொடுத்தால் போதும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. உள்ளே மிஞ்சிய கிருமிக்கு அந்தக் குளிசை எட்டவே எட்டாது.

ஏன் கூட்டிவருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். ஆகவே இதைத் தோட்டத் துரைமாருக்கும் தலைவர்மாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பிள்ளையோடு வாட்டில் இருக்கிற தாய்க்கு, வைத்தியர் துண்டு கொடுக்கிற நாள் வரை அரைச் சம்பளமாவது போட ஏற்பாடு செய்யுங்கள். மற்றப் பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் நேரம் கடந்தும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாய்மாரே, கையெழுத்துத் தாளை நீட்டினால் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்னும் எத்தனை நாள் ஊசி பாக்கி?